பறிபோன சர்வீஸும் பந்திங் சகோதரர்களும்

பூப்பந்து விளையாட்டுக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். லீ சோங் வெய் என்று சட்டென்று பதில் வரும். வயதான பெரியவர்களைக் கேட்டால் எடி சூங் என்பார்கள், வோங் பெங் சூன் என்பார்கள். நம் இனத்துக்காரர் என்ற பெருமையோடு பஞ்ச் குணாளன் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குணாளன் 1971-ஆம் ஆண்டில் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றது இங் பூன் பீயுடன் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒற்றையரில் அவர் 1974-இல் இறுதியாட்டம் வரை போய், இந்தோனேசியாவின் ரூடி ஹர்தோனோவிடம் தோற்றார்.

இரட்டையர் ஆட்டக்காரரின் நிலை அதுதான். வெற்றி வந்தாலும் பாதிப் பேர்தான் அவருக்கு. செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து தூக்கிக் குலையை வெட்டித் தள்ளுகிறவரைத்தான் எல்லாருடைய கண்ணும் பார்க்கும். பின்னாலேயே குனிந்த தலை நிமிராமல் உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கில் போடுகிற பெண்ணை யார் பார்க்கிறார்கள்? அவள் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கணக்கு என்ன ஆகும் என்பது வெட்டுகிறவருக்குத் தெரியும். பூப்பந்து இரட்டையரும் ஏறக்குறைய அந்த மாதிரி வேலைதான்.

இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு ஜோடியைப் பற்றி. அண்ணன் ரசிப் சீடேக், தம்பி ஜலானி சீடேக். நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தாம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில் உலகத்தைத் திகைக்க வைத்த அவர்களுடைய ஆயுதத்தை ஒரு சட்டம் பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த இருவரும் என்ன செய்தார்கள்?

கஞ்சோங் டாராட் வீட்டில்

சிலாங்கூரில் கோலலங்காட் வட்டாரத்தைத் தெரியாத தோட்டத்து வாசகர்கள் குறைவு. கேரித் தீவு, ஜுக்ரா, மோரிப் கடற்கரை என்றெல்லாம் சொன்னால் உங்களில் பலருக்கு உறவுக்காரர் வீடு நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்துக்கெல்லாம் கடைத்தெருவாக இருப்பது பந்திங் டவுன். அதற்கு அருகே கஞ்சோங் டாராட் என்ற மலாய்க் கிராமத்தில் வாழ்ந்தது முகமது சீடேக் குடும்பம்.

முகமது சீடேக் தாமே பூப்பந்து ஆடியவர். பிள்ளைகளுக்கு முதல் பயிற்றுநரும் அவர்தான். கண்டிப்பான மனிதர் என்று பெயர். மிஸ்பூன், ரசிப், ஜலானி, ரஹ்மான், ரஷீட் என்று ஐந்து ஆண்பிள்ளைகள். மூத்தவர் மிஸ்பூன் பிறந்தது 1960-இல். ரசிப் 1962, ஜலானி 1963. கடைக்குட்டி ரஷீட் 1968. பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். ஆண்பிள்ளைகள் ஐந்து பேருமே நாட்டுக்காக ஆடினார்கள் என்றால் அந்தத் தகப்பனாரின் பாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒற்றையர் பழக இரண்டு பேர் போதும். இரட்டையர் பழக நாலு பேர் வேண்டும். மற்ற பிள்ளைகள் நாலு பேரைச் சேர்ப்பதற்கே அந்திப் பொழுதைக் கழித்துவிடுவார்கள். சீடேக் வீட்டில் நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், ஒருவர் உபரியாகவே இருந்தார்!

மூத்தவர் மிஸ்பூன் ஒற்றையர் பக்கம் போனார். 1986-இல் அகில இங்கிலாந்து இறுதியாட்டம் வரை ஏறி, டென்மார்க்கின் மோர்டன் ஃப்ராஸ்டிடம் தோற்றார். பிற்காலத்தில் லீ சோங் வெய்க்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். ரசிப்பும் ஜலானியும் ஜோடி சேர்ந்தார்கள். ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஒரே அடுப்பில் பசியாறி, ஒரே தகப்பனாரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். வலைக்கு முன்னால் நிற்கும்போது ஒருவர் காலடியை மற்றவர் திரும்பிப் பார்க்காமலே அறிந்திருப்பது இரட்டையரில் பாதி வித்தை. அது அவர்களுக்குப் பிறவியிலேயே கிடைத்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மற்றப் பாதிக்கு உழைக்க வேண்டியிருந்தது.

ஒரு பந்து, நாலு பேர்

இந்த ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிட்டால்தான் பின்னால் வரும் சங்கதி விளங்கும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூப்பந்துத் திடலின் நீளம் 44 அடி. அகலம் ஒற்றையருக்கு 17 அடி, இரட்டையருக்கு 20 அடி. வலை நடுவில் 5 அடி உயரம். பந்தில் 16 இறகுகள், அடியில் ஒரு தக்கை. எடை ஐந்து கிராம் அளவில்தான் இருக்கும். இரட்டையரில் ஆள் இரண்டு மடங்காகிறார்கள், அகலமோ மூன்றடிதான் கூடுகிறது. ஆகவே காலி இடம் குறைவு. பந்து போய்த் திரும்புவதற்குள் யோசிக்க நேரம் கிடையாது. எதிராளிகள் பந்தை உயரத் தூக்கிவிட்டால், ஒருவர் பின்னால் போய் ஓங்கி அடிப்பார். மற்றவர் வலையருகே நின்று, திரும்பி வருவதை அடித்துக் கொல்வார். தாங்களே பந்தைத் தூக்க நேர்ந்துவிட்டால், இருவரும் பக்கத்துக்குப் பக்கமாக விலகி நின்று அடியைத் தாங்குவார்கள். முன்பின்னாக நிற்பதும் பக்கவாட்டில் விலகுவதும் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை மாறும் என்று எண்ணி மாளாது. கைதட்டல் கடைசி அடிக்குத்தான். அந்தக் கடைசி அடி விழும்படி எதிராளியை இரண்டு மூன்று அடிகளுக்கு முன்பே கட்டிப்போட்டவர் மற்றவராக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே சர்வீஸ். ஒற்றையரில் பந்தைப் பின்கோடு வரை உயரத் தூக்கிச் சர்வீஸ் போடலாம். இரட்டையரில் சர்வீஸுக்கான பின்கோடு இரண்டரை அடி முன்னாலேயே வந்துவிடுகிறது. தூக்கிப் போட்டால் எதிராளி அந்த இடத்திலேயே நின்று மண்டையில் அடிப்பார். ஆகவே வலையை உரசுகிற மாதிரித் தாழ்வாகப் போட வேண்டும். எதிரில் நிற்பவரும் சும்மா நிற்கமாட்டார். மட்டையைத் தூக்கிக்கொண்டு, வலையைத் தாண்டிய பந்தை உடனே பாய்ந்து அடிக்கக் காத்திருப்பார். சர்வீஸ் போடுகிறவருக்கு அரை அங்குலம் தவறினால் புள்ளி போய்விடும்.

இன்று 21 புள்ளி ஆட்டம். யார் சர்வீஸ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி. 2006-இல் வந்த முறை இது. ரசிப்பும் ஜலானியும் ஆடிய காலத்தில் 15 புள்ளி. சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மட்டுமே புள்ளி எடுக்கலாம். எதிராளி வென்றால் அவருக்குப் புள்ளி கிடையாது, சர்வீஸ் மட்டும் கை மாறும். அதிலும் இரட்டையரில் ஒருவர் சர்வீஸை இழந்தால் கூட்டாளிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆக, எதிராளியால் திருப்பவே முடியாத சர்வீஸ் ஒன்று ஒரு ஜோடியிடம் இருந்தால் என்ன ஆகும்? ஐந்து புள்ளி, ஆறு புள்ளி என்று வரிசையாக ஓடிக்கொண்டே இருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

அந்தச் சர்வீஸ்

பந்திங் சகோதரர்களிடம் அப்படி ஒரு சர்வீஸ் இருந்தது. ஆங்கிலத்தில் சீடேக் என்ற பெயரின் முதல் எழுத்தை வைத்து ‘எஸ் சர்வீஸ்’ என்று அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

சாதாரணமாகச் சர்வீஸ் போடும்போது தக்கையில்தான் மட்டை படும். பந்து நேராக, தக்கை முன்னால் இருக்கப் பறக்கும். அது எங்கே வரும் என்று எதிராளிக்குத் தெரியும். இவர்கள் பந்தைத் திருப்பிப் பிடித்து, இறகுப் பக்கத்தில் முதலில் மட்டை படும்படி ஒரு சீவு சீவினார்கள். அடிபட்ட பந்து தலைகீழாகப் புரண்டு, தள்ளாடி, சுழன்றுகொண்டே வலையைத் தாண்டியது. இடது பக்கம் போவது போல் காட்டி வலது பக்கம் விழும். எதிராளி மட்டையை நீட்டும்போது தக்கை வந்து படுமா, இறகு வந்து படுமா என்பது அந்தப் பந்துக்கே தெரியாது! பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அதை வலையில் அடித்தார்கள், வெளியே அடித்தார்கள்.

1982 மார்ச் மாதம் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் அகில இங்கிலாந்துப் போட்டி நடந்தது. 1977-இல் உலகப் பூப்பந்துப் போட்டி தொடங்கும் வரை, அகில இங்கிலாந்துப் பட்டம்தான் உலகப் பட்டத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அதன் மவுசு குறையவில்லை. அங்கே ரசிப்புக்கு வயது 19, ஜலானிக்கு 18. இறுதியாட்டத்தில் ஸ்காட்லாந்தின் பில்லி கில்லிலாண்ட், டான் டிராவர்ஸ் ஜோடி. முதல் ஆட்டம் கைநழுவிப் போனது. அடுத்த இரண்டையும் வென்று இரட்டையர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். குணாளனும் இங் பூன் பீயும் 1971-இல் வென்றதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பை மலேசியாவுக்குத் திரும்பியது.

கிராமத்துப் பிள்ளைகள் உலகத்தின் உச்சியில் ஏறி நின்றார்கள். ஏறின சூட்டோடு ஏணி போய்விட்டது.

எதிர்ப்புகள் ஏற்கெனவே கிளம்பியிருந்தன. இது விளையாட்டே இல்லை, சர்வீஸோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது, பார்ப்பவர்களுக்கு என்ன சுவை என்றார்கள். இறகுகள் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன என்பதும் ஒரு புகார். 1982-ஆம் ஆண்டிலேயே அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனம் அந்தச் சர்வீஸுக்குத் தடை போட்டது. சர்வீஸ் போடும்போது மட்டை முதலில் தக்கையில்தான் பட வேண்டும் என்பது விதியாயிற்று. இன்றுவரை விதிப் புத்தகத்தில் அது இருக்கிறது.

அந்தத் தடை நியாயமா? பலமுறை யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான் என்றே படுகிறது. எல்லாரும் அந்தச் சர்வீஸைப் பழகிக்கொண்டால் பூப்பந்தில் பந்தடிக்கிற வேலையே இருக்காது. ஆனால் நியாயமான சட்டம் என்பதால் அடிபட்டவனுக்கு வலி குறைந்துவிடுமா?

இந்த வலி நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். பட்டையை எத்தனை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், மரத்துக்குக் காயம் படாமல் பாலை எப்படி இறக்க வேண்டும் என்று இருபது வருஷம், முப்பது வருஷம் கையிலே ஏற்றிவைத்திருந்த வித்தை. மரம் போனதும் அந்த வித்தையும் போயிற்று. இருட்டிலேயே நிரை பிடித்துச் சீவிய கைகள், அண்ணாந்து கழி தூக்கப் புதிதாகப் பழகவேண்டி வந்தது. பழகினவர்கள் பிழைத்தார்கள். முடியாமல் டவுனுக்குப் போனவர்களும் உண்டு. அந்தத் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரசிப்புக்கும் ஜலானிக்கும் அந்த நிலைதான் வந்தது, அதுவும் இருபதைத் தொடாத வயதில். அந்தச் சர்வீஸ் இல்லாவிட்டால் இவர்கள் யார் என்ற பேச்சு வேறு.

மறுபடியும் அகர முதல்

அதே 1982-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. ரசிப் அங்கே ஓங் பெங் தியோங்குடன் ஜோடி சேர்ந்து ஆண்கள் இரட்டையரில் தங்கம் வென்றார். இது முக்கியம். இரட்டையர் ஆட்டக்காரருக்கு எந்த நேரத்தில் எந்தக் கூட்டாளி வாய்ப்பார் என்பது நிச்சயமில்லை. காயம் வரும், தேர்வுக்குழு மாற்றும். வேறொருவர் தோளோடு தோள் நின்று ஆடவும் தெரிந்திருக்க வேண்டும். ரசிப்புக்கு அது தெரிந்திருந்தது.

பிறகு அண்ணனும் தம்பியும் மறுபடி ஒன்றாக நின்று, இரட்டையர் ஆட்டத்தை அடியிலிருந்து கட்டினார்கள். தாழ்வான நேர் சர்வீஸ். அதற்கடுத்த மூன்றாவது அடி. ஓங்கி அடித்தால் தாங்குவது, தாங்கியதைத் தாழ்வாகத் திருப்புவது, எதிராளியையே பந்தைத் தூக்க வைப்பது. இதிலெல்லாம் மாயம் ஒன்றும் கிடையாது. காலையில் ஓட்டம், மாலையில் வலைக்கு முன் நூறு நூறாகப் பந்து, மறுநாள் மறுபடியும் அதே. இரட்டையர் ஆட்டக்காரரின் பயிற்சி பார்ப்பதற்கு மிகவும் சலிப்பானது. தோட்டத்தில் நாள்தோறும் அதே நிரையில் நடப்பது எப்படியோ அப்படி.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் பூப்பந்து ஆடினால் கோப்பைதான் கிடைக்கும், காசு கிடைக்காது. தோமஸ் கிண்ணத்தை வென்று வந்த பழைய வீரர்கள்கூட வேறு உத்தியோகம் பார்த்துத்தான் சோறு சாப்பிட்டார்கள். 1970-களின் கடைசியில் பரிசுப் பணத்துக்குக் கதவு திறந்தது. 1983-இல் உலக கிராண்ட் பிரீ என்ற தொடர் போட்டி வந்தது. ஆண்டு முழுவதும் ஜப்பான், டென்மார்க், இங்கிலாந்து, இந்தோனேசியா என்று போய் ஆடி, எடுத்த புள்ளிகளுக்கும் வென்ற இடத்துக்கும் ஏற்பப் பணம் பெறும் முறை. இரட்டையரில் வரும் பணத்தை இரண்டாகப் பங்குபோட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்! தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பிழைப்பு நம் நாட்டில் வேர்பிடித்தது இந்தக் காலத்தில்தான். சீடேக் சகோதரர்கள் அந்த முதல் தலைமுறை.

அந்தப் பத்தாண்டுகளில் எதிரே நின்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கொரியாவின் பார்க் ஜூ போங், கிம் மூன் சூ ஒரு பக்கம். சீனாவின் லி யோங்போ, தியான் பிங்யி மறுபக்கம். பார்க் ஜூ போங்கைப் போல இரட்டையர் ஆடியவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. 1986 அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் ரசிப்பும் ஜலானியும் இந்தக் கொரியர்களிடம் தோற்றார்கள். 1987-இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இறுதியாட்டம் வரை போனார்கள். அங்கே சீனர்களிடம் தோல்வி, வெள்ளிப் பதக்கம். அகில இங்கிலாந்துப் பட்டம் அவர்களுக்கு மறுபடி கிட்டவே இல்லை. 1982-க்குப் பிறகு அந்த இரட்டையர் பட்டத்தை மலேசிய ஜோடி வென்றது 2007-இல்தான். கூ கியென் கியாட், தான் பூன் ஹியோங் என்ற இளைஞர்கள் வென்றார்கள்.

தோல்விகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அந்தச் சர்வீஸ் போனதோடு எல்லாம் போயிற்று என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் உலகப் போட்டியில் இறுதியாட்டம் வரை போவதற்கு எந்தத் தந்திரச் சர்வீஸும் கையில் இல்லையே? வெறும் ஆட்டம்தானே இருந்தது? உலகக் கிண்ணப் பட்டத்தை ஒரு முறைக்கு மேல் வென்றார்கள். 1990-இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்கள். தடைக்குப் பிறகு உலகத்தின் முன்னணி ஜோடிகளில் ஒன்றாகப் பத்தாண்டு நின்றார்கள். ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஏமாற்றலாம். பத்து வருஷம் முடியாது.

அண்ணன் தம்பியாக இருப்பதிலும் ஒரு சிரமம் உண்டு. பிற ஜோடிகள் தோற்றுவிட்டால் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போய்விடலாம். இவர்கள் நோன்புப் பெருநாளுக்கு ஒரே வீட்டில்தான் கூட வேண்டும். அப்படியும் பிரியாமல் ஆடினார்கள் என்பதைக் கூட்டாகத் தொழில் செய்து பார்த்த நம்மவர்கள் நன்றாகவே உணர்வார்கள்.

1992

அந்த ஆண்டை மலேசியப் பூப்பந்து ரசிகர்கள் மறக்கமாட்டார்கள்.

தோமஸ் கிண்ணம் நம் நாட்டுக்குக் கடைசியாக வந்தது 1967-இல். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை வென்று கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு பட்டினி. 1988-இலும் 1990-இலும் இறுதிச்சுற்றுக்குப் போய் இரண்டு முறையும் சீனாவிடம் தோற்று வந்தோம். 1992 மே மாதம் கோலாலம்பூர் நெகாரா அரங்கில் மறுபடி இறுதிச்சுற்று, மறுபடி இந்தோனேசியா. ரஷீட் சீடேக், ஃபூ கோக் கியோங், சியா சூன் கிட், சூ பெங் கியாங் ஆகியோரும், நம் கதையின் நாயகர்கள் ரசிப்பும் ஜலானியும் இருந்த குழு அது. மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். வானொலிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தவர்களும், தொலைக்காட்சி இருந்த வீட்டு வாசலில் கூடி நின்றவர்களும் இன, மதம் பாராமல் கட்டிக்கொண்ட இரவு.

அதே ஆண்டு பார்சிலோனாவில் ஒலிம்பிக். 1972-இல் மூனிக்கிலும் 1988-இல் சியோலிலும் பூப்பந்தைக் காட்சி விளையாட்டாக மட்டும் ஆடிக்காட்டியிருந்தார்கள். பதக்கத்துக்கான விளையாட்டாக அது சேர்க்கப்பட்டது பார்சிலோனாவில்தான். ரசிப்புக்கு 30 வயது, ஜலானிக்கு 28. பத்தாண்டு ஓடின கால்கள். இன்னொரு ஒலிம்பிக் வரும்வரை அந்தக் கால்கள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அரையிறுதிக்கு வந்தார்கள். எதிரே யார் தெரியுமா? அதே பார்க் ஜூ போங், அதே கிம் மூன் சூ. தோற்றார்கள். கொரியர்கள் பிறகு தங்கத்தையே வென்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் பூப்பந்துக்கு மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்ற இரண்டு பக்கத்துக்குமே வெண்கலம். இதைச் சொல்லி, தோற்றுத்தானே பதக்கம் வாங்கினார்கள் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அரையிறுதிவரை வந்தது வென்று வந்த வழிதான் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மலாயா என்ற பெயரில் நம் நாடு முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனது 1956-இல், மெல்பர்னுக்கு. அதிலிருந்து 36 ஆண்டுகள் எத்தனையோ ஓட்டக்காரர்களும் ஹாக்கி வீரர்களும் போய் வெறுங்கையோடு திரும்பிவந்தார்கள். முதல் பதக்கத்தைத் தூக்கிவந்தவை அந்த நாலு கைகள்.

அகில இங்கிலாந்துப் பட்டம் பெரிதா, இந்த வெண்கலம் பெரிதா என்று கேட்டால் நான் வெண்கலத்தைத்தான் சொல்வேன். முதலாவதில் எஸ் சர்வீஸின் பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் என்றைக்கும் தீராது. இரண்டாவதில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பிறகு வந்தவர்கள்

கடைக்குட்டி ரஷீட் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். அதே அட்லாண்டாவில் சியா சூன் கிட், யாப் கிம் ஹொக் ஜோடி இரட்டையர் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை பூப்பந்தில் மலேசியா வாங்கிய பதக்கங்கள் மொத்தம் 11. அவற்றில் 6 இரட்டையரில் வந்தவை, 5 ஒற்றையரில் வந்தவை. லீ சோங் வெய் ஒருவரே மூன்று வெள்ளிப் பதக்கம் வாங்கியதால் நம் கண் முழுக்க ஒற்றையர் பக்கமே நின்றுவிட்டது. கணக்கு வேறு சொல்கிறது, பார்த்தீர்களா? பூப்பந்தில் மலேசியாவின் முதல் உலகச் சாம்பியன் பட்டமும் இரட்டையரில்தான் வந்தது. 2022-இல் ஏரோன் சியா, சோ வூய் யிக் ஜோடி தோக்கியோவில் அதை வென்றது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இதையும் சொல்கிறேன். எம். தீனா என்ற நம் தமிழ்ப் பெண்ணும் பியர்லி தானும் ஜோடியாக 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பெண்கள் இரட்டையர் தங்கம் வென்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை போய் நான்காம் இடம். இரண்டு பேர் தோற்றாலும் வெண்கலம் என்ற பார்சிலோனா முறை அப்போது இல்லை, மூன்றாம் இடத்துக்குத் தனியாக ஆட வேண்டியிருந்தது. மறு ஆண்டு, 2025 உலகப் போட்டியில் அதே பாரிஸ் நகரில் வெள்ளிப் பதக்கம். தீனாவின் பெயரைச் சொல்லும்போது பியர்லியின் பெயரும், பியர்லியின் பெயரைச் சொல்லும்போது தீனாவின் பெயரும் சேர்ந்தே வருகிறது. இரட்டையர் என்றால் அப்படித்தான்.

எஸ் சர்வீஸுக்கு ஒரு தம்பியும் பிறந்தது. விரலால் பந்தைச் சுழற்றிவிட்டு, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே தக்கையில் அடிக்கிற ஒரு சர்வீஸை டென்மார்க் ஆட்டக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். தக்கையில்தான் மட்டை படுகிறது, ஆகவே பழைய விதி அதைத் தொடவில்லை. பந்து மட்டும் பழையபடி தள்ளாடியது, எதிராளிகளும் பழையபடி திணறினார்கள். 2023-இல் உலகப் பூப்பந்துச் சம்மேளனம் அதற்கும் தடை போட்டது. 41 ஆண்டுகளுக்கு முன் நடந்த கூத்து அப்படியே மறுபடி.

இந்தச் சர்வீஸ் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசையா? பிள்ளைகள் அடித்துப் போட்ட பழைய பந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பந்து வேண்டாம், இறகு ஒடிந்தால் வீட்டில் ஏச்சு விழும். பந்தை இடுப்புக்குக் கீழே, இறகுப் பக்கம் மட்டையைப் பார்க்கும்படி பிடியுங்கள். மட்டையைச் சாய்த்து மெதுவாக ஒரு சீவு சீவுங்கள். எதிரே நிற்கிற பையனைத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். பந்து புரண்டு புரண்டு போவதையும், அவன் மட்டை காற்றைச் சீவுவதையும் பாருங்கள். பள்ளிப் போட்டியில் மட்டும் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், நடுவர் ‘ஃபால்ட்’ என்று கையைத் தூக்கிவிடுவார்.